அடிபட்ட உடம்புக்குப் பெப்டைடு ஊசியா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பந்து விளையாடி முட்டி திரும்பியவர், ரப்பர் பால்வெட்டித் தோளைத் தூக்க முடியாமல் போனவர், வள்ளத்தில் வழுக்கி விழுந்தவர் எனப் பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறவர்களிடமிருந்து சில காலமாக ஒரு புதுக் கேள்வி வருகிறது. "அண்ணே, பெப்டைடுன்னு ஒரு ஊசி உண்டுமாம்லா? போட்டா கிழிஞ்ச ஜவ்வு தானா ஒட்டிக்கிடுமாம்?" ஜிம்மில் யாரோ சொல்லியிருப்பார்கள், அல்லது வளைகுடாவில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். கேட்பவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறவர். அவருடைய அவசரம் நியாயமானது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெப்டைடு என்பது குட்டையான புரதச் சங்கிலி. அந்த ஒரே பெயருக்குள் சோதித்து அனுமதி பெற்ற நல்ல மருந்துகளும் இருக்கின்றன, எலியைத் தாண்டி மனிதரிடம் சரியாகச் சோதிக்கப்படாத பொடிகளும் இருக்கின்றன. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். ஊசியைப் பற்றிய பேச்சு இரண்டாவதாகத்தான் வரும்.

முதல் படி: என்ன ஒடிந்தது, என்ன கிழிந்தது?

"முட்டி வலிக்கு என்ன பெப்டைடு நல்லது?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. முட்டிக்குள் ஜவ்வு அறுந்திருக்கலாம், குருத்தெலும்பு தேய்ந்திருக்கலாம், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, காத்திருக்க வேண்டிய காலமும் வேறு.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. கணுக்கால் பிரண்டால், அடிபட்ட உடனேயும் பிறகு ஆஸ்பத்திரியிலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டெலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ விரலால் அழுத்தினால் எலும்பே நோகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் வகுத்த இந்த விதியை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். முட்டி திரும்பும்போது உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்தது போலிருந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டால், முன்பக்க ஜவ்வு கிழிந்ததா என்று பார்க்க வேண்டும். குதிகாலுக்கு மேலே பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் உணர்ந்து, அதன்பிறகு ஒற்றைக்காலில் நுனிவிரலில் எழும்ப முடியாமல் போனால், குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்) அறுந்திருக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் விழுந்து, அதன்பின் கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியவில்லை என்றால், தோளின் தசைநாண் முழுசாகக் கிழிந்திருக்கக் கூடும்.

முழுசாக அறுந்த தசைநாணின் இரண்டு முனைகளும் தசை இழுக்கும் இழுப்பில் விலகிப் போகும். விலகிய முனைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதாக எந்த ஊசியும் நிரூபிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும் நல்ல காலம் முதல் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் ஒருவர் இணையத்தில் வாங்கிய புட்டியை நம்பிக் காத்திருந்தால், போன காலத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. இந்த விஷயத்தில் எனக்குள்ள பெரிய கவலையும் இதுதான்.

எங்கே போவது? குழித்துறை, குளச்சல், தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் என்று பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போகலாம். எலும்பு மருத்துவரைப் பார்க்கவும் பெரிய ஸ்கேனுக்கும் ஆசாரிப்பள்ளத்தில் இருக்கும் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பைக்கில் விழுந்து அடிபட்டவர்களுக்கு, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் உண்டு.

நம் ஊரில் வர்ம ஆசானிடம் போகும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எண்ணெய் வைத்துத் தடவிச் சுகம் கண்டவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். எலும்பு ஒடிந்த இடத்திலும், புதிதாக வீங்கியிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களிலும் அழுத்தித் தடவக் கூடாது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியபின் விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, விரலை லேசாக அசைத்தாலே உயிர் போகிற மாதிரி வலித்தாலோ உடனே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரத்த ஓட்டம் நின்றுபோனால் கையோ காலோ சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும். நல்ல காலில் சூட்டைச் சோதித்துவிட்டு முக்குங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் முள்ளின் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டி.டி. ஊசியும் போட வேண்டும். கடல் தண்ணீர் பட்ட காயத்தில் வேகமாகப் பரவும் கிருமிகள் உண்டு. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாம் படி: கையில் இருப்பது எந்த வகைப் பெப்டைடு?

புரதம் அமினோ அமிலங்கள் நீளமாகக் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலி குட்டையாக, பொதுவாக ஐம்பது கண்ணிகளுக்குள் இருந்தால் அதைப் பெப்டைடு என்கிறார்கள். உடம்பே நூற்றுக்கணக்கான பெப்டைடுகளைச் செய்து, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இன்சுலின் அந்த எல்லையை ஒட்டி 51 கண்ணிகள் கொண்டது. 1921-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மருந்து கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே பெப்டைடு என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குவது தவறு. பெப்டைடு என்பதாலேயே நல்லது என்று நம்புவதும் தவறு.

காயம் ஆறுவதற்கென்று சொல்லப்படுபவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு அரசு அனுமதி பெற்று, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக் கடையில் கிடைப்பவை முதல் வகை. பொடியாகக் குடிப்பதும் முகத்தில் பூசுவதும் இரண்டாம் வகை. அனுமதியே இல்லாமல், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டிக் கூரியரில் வரும் புட்டிகள் மூன்றாம் வகை.

இரண்டாம் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலாஜன் பெப்டைடு என்பது மீன்தோல், மாட்டுத்தோல் போன்றவற்றிலிருந்து எடுத்து நுணுக்கிய புரதம். 2017-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டினைக் குடித்துவிட்டு ஸ்கிப்பிங் செய்தவர்களின் இரத்தத்தில் கொலாஜன் உற்பத்திக்கான அறிகுறி கூடியது. பங்கேற்றவர்கள் 8 பேர், எல்லோரும் ஆரோக்கியமான ஆண்கள். அதை வைத்துக் கிழிந்த ஜவ்வு ஒட்டும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்யாது, பணம் இருந்தால் குடிக்கலாம், இல்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜி.எச்.கே. காப்பர் என்ற செம்புப் பெப்டைடு முகக் கிரீம்களில் வருகிறது. அதை ஊசியாகப் போடுவது வேறு கதை, அது மூன்றாம் வகையில் சேரும்.

பி.ஆர்.பி. என்பது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் திரும்பச் செலுத்தும் முறை. அது பெப்டைடு சிகிச்சை இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாம் படி: அனுமதி பெற்றது உங்களுக்குப் பொருந்துமா?

டெரிபாரடைடு என்ற மருந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் 84 கண்ணிகள் கொண்டது. அதன் முதல் 34 கண்ணிகளை மட்டும் செய்து மருந்தாக்கியிருக்கிறார்கள். 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இந்தியாவிலும் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எலும்பு கடுமையாக மெலிந்து, ஒருமுறை ஒடிந்து, மறுபடியும் ஒடியும் அபாயத்தில் இருப்பவர்களுக்கானது. முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பையும் முதுகெலும்பையும் ஒடித்துக்கொண்ட நம் அம்மச்சிகளில் சிலருக்கு இது உண்மையிலேயே பயன்படும். ஒட்டாமல் இழுத்தடிக்கும் எலும்பு முறிவுக்கும் சில எலும்பு மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அது அனுமதி பெற்ற பயன்பாடு இல்லை, ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. அப்படி எழுதினால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தினம் ஒருமுறை, 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் பேனா ஊசியாகப் போட வேண்டும். வாழ்நாளில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் வரைதான் வழக்கமாகக் கொடுப்பார்கள். முதல் சில ஊசிகளுக்குப் பிறகு எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அதனால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வது நல்லது. பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் வைக்கவே கூடாது, திறந்து 28 நாளானதும் மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே, கரண்ட் அடிக்கடி போகும் எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் இதை எங்கே வைப்பது என்று மருந்து வாங்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தியபின், கூடிய எலும்பைத் தக்கவைக்க வேறொரு மாத்திரையோ ஊசியோ தொடர வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் செலவழித்ததெல்லாம் கரைந்துபோகும்.

எலும்புப் புற்றுநோய் உள்ளவர்கள், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள், இரத்தத்தில் கால்சியம் கூடியவர்கள் ஆகியோருக்கு இது ஆகாது. நெய்யூரிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யிலோ முன்பு ரேடியேஷன் எடுத்திருந்தால், பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி, அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் இருப்பவர்களுக்கு, வளர்ச்சிக் காரணி கலந்த பூச்சு ஜெல் இந்தியாவில் அனுமதியோடு விற்கிறது. இ.ஜி.எஃப். என்ற புரதத்தை ஆய்வகத்தில் செய்து கலந்தது. செத்த சதையை நீக்கி, கிருமியைக் கட்டுப்படுத்தி, அந்தக் காலில் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால்தான் ஜெல் வேலை செய்யும். இதெல்லாம் இல்லாமல் ஜெல்லை மட்டும் பூசுவது பணத்தைக் கடலில் கொட்டுவது.

நான்காம் படி: கூரியரில் வரும் புட்டி

இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். முதல் பெயர் பி.பி.சி-157. மனிதர் வயிற்றுச் சாற்றில் இருக்கும் ஒரு புரதத்தை அடியொற்றி ஆய்வகத்தில் செய்த 15 கண்ணிச் சங்கிலி. குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்து ஆய்வுக்குழு 1990-களிலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறது. எலிகளின் குதிகால் நாணை அறுத்துவிட்டு இதைக் கொடுத்தபோது விரைவாக ஆறியதாக அந்த ஆய்வுகள் சொல்கின்றன. முடிவுகள் கவனிக்கத்தக்கவைதான், அதை நான் மறைக்கவில்லை. மனிதரிடம் நடந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூட்டு, தசைக் காயத்துக்காக நடந்தவை மிகச் சிறியவை, மருந்து போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காதவை. முட்டி வலியோ தோள் வலியோ ஊசி போடாமலேயே மூன்று மாதத்தில் பலருக்குக் குறைகிறது. ஒப்பிட்டுப் பார்க்காமல், குறைந்தது ஊசியாலா காலத்தாலா என்று எப்படிச் சொல்வது? "எனக்குச் சரியாயிட்டு" என்று நண்பர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதனால் சரியானது என்பது அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது டி.பி-500. தைமோசின் பீட்டா-4 என்பது உடம்பில் இயல்பாக இருக்கும் 43 கண்ணிப் பெப்டைடு. அதன் ஒரு சிறு துண்டுதான் டி.பி-500. முழு தைமோசினைக் கண் காயத்துக்கும் தோல் புண்ணுக்கும் மனிதரிடம் சோதித்திருக்கிறார்கள். அந்தச் சோதனையைக் காட்டித் துண்டை விற்கிறார்கள், அதுவும் தசைக் கிழிசலுக்கு. மூன்றாவதாக இபாமோரெலின், சி.ஜே.சி-1295 போன்ற பெயர்களில் வருபவை வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுபவை. அவை இரத்தச் சர்க்கரையைக் கூட்டலாம், கைகால் வீக்கம் தரலாம். சர்க்கரை இல்லாத வீடே அபூர்வமாகிவிட்ட நம் மாவட்டத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கவலையும் உண்டு. பி.பி.சி-157 புது இரத்தக் குழாய்களை வளரச் செய்கிறது என்பதுதான் விலங்கு ஆய்வுகள் அதன் பெருமையாகச் சொல்வது. ஆறும் தசைக்கு இரத்தக் குழாய் நல்லது. உடம்பில் எங்கோ தெரியாமல் ஒளிந்திருக்கும் கட்டிக்கும் அதே குழாய்கள்தான் தீனி. மனிதரிடம் இது புற்றுநோயைத் தூண்டும் என்று நிரூபணம் இல்லை. தூண்டாது என்று சொல்லுமளவு நீண்டகால ஆய்வும் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் இதைப் பாதுகாப்புக் கவலை உள்ள பொருட்களின் பட்டியலில் சேர்த்தது.

புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தனிப் பிரச்சினை. விற்பவர் ஒரு சான்றிதழ் காட்டுவார், அதில் 99 சதவீதம் தூய்மை என்று போட்டிருக்கும். அந்த எண், உள்ளே இருக்கும் பெப்டைடில் எத்தனை பங்கு சரியான பெப்டைடு என்பதை மட்டும்தான் சொல்கிறது. கிருமி இல்லையா, காய்ச்சல் உண்டாக்கும் நச்சு இல்லையா என்பதற்கு வேறு சோதனைகள் வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த பொடி என்ன ஆனது என்று சான்றிதழுக்குத் தெரியாது.

பொடியை வீட்டில் தண்ணீர் கலந்து ஊசியில் ஏற்றுவது ஆபத்தின் உச்சம். இணையத்தில் கிடைக்கும் கணக்குகள் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட் கோடு போட்ட சிரிஞ்சுக்கானவை. நம் ஊர் மருந்துக் கடையில் இன்சுலின் சிரிஞ்சு கேட்டால், ஒரு மி.லி.க்கு 40 யூனிட் கோடு போட்ட சிவப்பு மூடி சிரிஞ்சையும் தருவார்கள். அதில் 10 யூனிட் என்பது 0.25 மி.லி., ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 0.1 மி.லி. ஒரே எண்ணைப் படித்துவிட்டு இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், புட்டியில் போட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தனை தெரிந்தபின், அனுமதியில்லாத பெப்டைடை எவ்வளவு, எப்படிப் போடுவது என்று நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பந்தயத்தில் விளையாடுகிறவர்கள் நின்று கேளுங்கள்

நம் கடலோர ஊர்களில் கால்பந்து எவ்வளவு உயிர் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மாநில அணி, பல்கலைக்கழக அணி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று கனவோடு ஓடுகிற பிள்ளைகள் அந்த மணலில் இருக்கிறார்கள். பி.பி.சி-157-ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. டி.பி-500-க்கும் வளர்ச்சி ஹார்மோன் தூண்டிகளுக்கும் தடை உண்டு. பந்தய நாளில் மட்டும் என்றில்லை, எல்லா நாளும்.

ஆஸ்திரேலியாவில் எசென்டன் என்ற ஆஸ்திரேலிய பாணிக் கால்பந்து மன்றத்தில் 2012-இல் வீரர்களுக்கு ஊசிகள் போட்டார்கள். அவற்றில் தைமோசின் பீட்டா-4 இருந்தது என்று 2016 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் முடிவு செய்து, 34 வீரர்களுக்குத் தடை விதித்தது. மன்றத்துக்காரர்கள் சொன்னதை நம்பிக் கையை நீட்டியவர்கள் அவர்கள். கோச் சொன்னார், சீனியர் அண்ணன் சொன்னார் என்பது விசாரணையில் நிற்காது.

ஐந்தாம் படி: சிகிச்சை தருகிறேன் என்பவரிடம் கேட்க வேண்டியவை

எந்த ஊரிலும் ஒரு கிளினிக் பெப்டைடு சிகிச்சை தருவதாகச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

"டாக்டர், இந்த மருந்தோட பேரு என்ன? எனக்கு இருக்கிற கோளாறுக்கு இதுக்கு இந்தியாவுல அனுமதி உண்டுமா?" என்பது முதல் கேள்வி. பெயரைச் சொல்லாமல் 'ஹீலிங் ஊசி', 'ரீஜெனரேஷன் பேக்கேஜ்' என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். மருந்துச் சீட்டில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும், பில்லிலும் பேட்ச் எண் வர வேண்டும். எழுதுகிறவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்டோ ஜிம் டிரெய்னரோ ஊசி மருந்து எழுதக் கூடாது. இதைப் பிசியோதெரபிஸ்டாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

"இது ஆராய்ச்சி" என்று சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். உண்மையான சோதனையில் உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள், கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். பணமும் வாங்கி ஆராய்ச்சி என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

வளைகுடாவிலிருந்து வருகிற சொந்தக்காரர் பையில் கொண்டுவருவதும் பாதுகாப்பு ஆகிவிடாது. விமானத்தில் வந்தது என்பதால் புட்டிக்குள் இருப்பது மாறிவிடப் போவதில்லை.

ஆறாம் படி: நிஜமாக ஆறவைப்பது

இதைக் கடைசியில் வைத்திருந்தாலும் இதுதான் பெரும்பாலோருக்கு வேலை செய்கிறது. தசைநாண் ஆறும்போது முதல் சில நாட்கள் வீங்கும், பிறகு சில வாரங்கள் புதுத் திசு ஒழுங்கில்லாமல் வளரும், அதன்பின் பல மாதங்கள் அந்தத் திசு இழுப்பின் திசைக்கு ஏற்ப வரிசையாக அடுக்கப்படும். கடைசி வேலைக்கு இழுப்பு வேண்டும். படுத்தே கிடந்தால் அடுக்கப்படாது, வலி குறைந்தவுடன் சுமை தூக்கினால் மறுபடியும் கிழியும். சரியான பாரத்தைச் சரியான வாரத்தில் கொடுப்பதுதான் பிசியோதெரபி.

வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று நான்கு வரை வலித்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்றுச் செய்தது கூடுதல். முதல் வாரங்களில் மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி, பிறகு மெதுவாக ஏற்றி இறக்குவது, பிறகு எடையோடு, கடைசியில்தான் ஓட்டமும் குதிப்பும். முன்பக்க ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குள் களமிறங்கியவர்களுக்கு மறுபடியும் கிழியும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி போட்டு மூன்று வாரத்தில் களமிறக்குகிறேன் என்பவர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

பால்வெட்டுகிறவர்களில் பலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறார்கள். வெட்டாத நாளைத் தோள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெட்டுகிற நாளில் உயரப் பட்டையைக் கொஞ்ச காலத்துக்கு வேறொருவரிடம் விடுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல். வலை பின்னியபடியே அந்த இரண்டு மாதமும் தோளையும் முதுகையும் பலப்படுத்தினால், படகு இறங்கும்போது தாங்கும். நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சாப்பாடு: காயம் ஆறும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராமுக்குக் குறையக் கூடாது. மரச்சீனியில் கிட்டத்தட்ட முழுவதும் மாவுதான், மீன் குழம்பைத் தொட்டுக்கொண்டு மரச்சீனியை நிரப்பினால் புரதம் வராது. தட்டில் மரச்சீனியைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். சாளை, அயிலை, சூரை எதுவானாலும் 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6, வேகவைத்த பயறு ஒரு கப்பில் சுமார் 14. நெல்லிக்காயோ கொய்யாவோ தினம் ஒன்று இருந்தால் வைட்டமின் சி-க்கு வேறெதுவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதம் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். பீடியும் சிகரெட்டும் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் எந்தக் காயமும் ஒழுங்காக ஆறாது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களுக்கு

யாரும் உங்களைத் திட்ட வேண்டியதில்லை, நானும் திட்ட மாட்டேன். அடுத்த ஊசியைப் போடாமல் நிறுத்திவிட்டு, உங்கள் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், குறிப்பாக அறுவைச் சிகிச்சை வரப்போகிறதென்றால். ஊசி போட்ட இடம் சிவந்து சூடாகிப் பரவினாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். முகம் வீங்கி மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். புட்டியையும் மிச்சப் பொடியையும் சிரிஞ்சையும் தூக்கிப்போடாமல், பெட்டி, பில், கூரியர் உறை எல்லாவற்றோடும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவர் யோசிக்க அதுதான் உதவும். ஒரே சிரிஞ்சை இன்னொருவரோடு பகிர்ந்திருந்தால், மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். மருந்தால் வந்த பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே பதிவு செய்யலாம், மருத்துவரையும் பதிவு செய்யச் சொல்லலாம். மாவட்டத்தில் வேறு யாரிடமும் அதே பேட்ச் புட்டி இருந்தால், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.